தண்ணி வர்ற நாள்லயும் ஓட்டம் நிக்காம இருக்க என்ன செய்யலாம்

காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருக்கும்போதே "குழாய்ல தண்ணி வந்துருச்சு"ன்னு பக்கத்து வீட்டக்கா குரல் கொடுப்பாங்க, அன்னைக்கு ஓட்டம் போச்சு. மறுநாள் பையனுக்குக் காய்ச்சல், அதுக்கு மறுநாள் நாத்தனார் குடும்பத்தோட வந்து இறங்கிருப்பாங்க, அப்படியே பத்து நாள் போயிரும். மதுரைல வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தி ஆறு வருஷமா ஓடுறேன், அதுல முதல் ரெண்டு வருஷம் இப்படி விட்டு விட்டுத்தான் ஓடுனேன். எல்லா வேலையும் ஓயட்டும், அடுத்த மாசத்துலருந்து ஒழுங்கா ஓடலாம்னு நினைச்சு நினைச்சே அந்த ரெண்டு வருஷம் போச்சு. இடைஞ்சல் இல்லாத வாரம்னு ஒண்ணு நம்ம வீடுகளுக்கு வராதுங்க. அதனால இடைஞ்சல் வரும்னு தெரிஞ்சேதான் திட்டம் போடணும்.

முதல்ல, தினமும் ஓடுவேன்னு சபதம் எடுக்காதீங்க. ஒரு நாள் விட்டுப்போனாலே மனசு உடைஞ்சு மொத்தத்தையும் விட்டுருவோம். வாரத்துக்கு மூணு நாள்னு வச்சுக்கங்க, எந்த மூணு நாள்ங்கிறதை ஞாயித்துக்கிழமை ராத்திரி முடிவு பண்ணுங்க. நான் சமையல்கட்டு மாசக் காலண்டரைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன், அதுல தண்ணி வர்ற நாள், முகூர்த்த நாள், ஸ்கூல் மீட்டிங் எல்லாம் குறிச்சிருப்பேன், மிச்சம் இருக்குற நாள்ல மூணை வட்டம் போட்டுருவேன். வேகமான உடற்பயிற்சின்னா வாரத்துக்குக் குறைஞ்சது 75 நிமிஷம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 25 நிமிஷம் மூணு நாள் ஓடுனாலே அது வந்துருது.

அடுத்தது, எனக்கு ரொம்ப உதவுனது இதுதான், ஓட்டத்துக்கு மூணு அளவு வச்சுக்கங்க. தெப்பக்குளத்தை ஒரு சுத்து வந்தா கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். நல்ல நாள்ல நாலு சுத்து, அவசரமான நாள்ல ரெண்டு சுத்து, ஒண்ணுமே முடியாத நாள்ல நம்ம தெருவுலயே பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத்தை லேசா நினைக்காதீங்க. நாள் மாறி தண்ணி வந்துட்டா நான் இப்படித்தான் பண்றேன், நீல டிரம்ல டியூபைப் போட்டுட்டு தெரு முனை வரைக்கும் போறதும் வர்றதுமா ஓடுவேன், டிரம் ரொம்புறப்ப தண்ணி விழுற சத்தம் மாறும் பாருங்க, ஆரம்பத்துல தொம்முனு கேக்கும், மேல வர வர சத்தம் சன்னமாயிரும், அது காதுல விழுந்ததும் வந்து டியூபை அடுத்த குடத்துக்கு மாத்திட்டு மறுபடி ஓடுவேன். இப்ப அந்த அக்காவே "நீ ஒரு எட்டு ஓடிட்டு வா தாயி, நான் மாத்தி விடுறேன்"னு சொல்லிர்றாங்க. பத்து நிமிஷத்துல உடம்புக்குப் பெரிய பயிற்சி கிடைச்சுராதுதான், ஆனா ஷூவைப் போட்டு வாசலைத் தாண்டுற பழக்கம் அறுந்துபோகாம இருக்கும், அறுந்துட்டா மறுபடி ஒட்டுறதுதான் பெரும்பாடு.

முந்துன ராத்திரியே பாதி வேலையை முடிச்சுருங்க. காய் நறுக்கி டப்பால போட்டு ஃபிரிட்ஜ்ல வைக்கிறது, யூனிஃபார்ம் அயர்ன் பண்றது, ஓடப் போடுற டிரெஸ்ஸைக் கட்டில் பக்கத்துலயே வைக்கிறது. வீட்டுல சொல்லும்போதும் பொதுவா சொல்லாதீங்க, "கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னா யாரும் பாத்துக்க மாட்டாங்க. "செவ்வாயும் வியாழனும் பசங்களை எழுப்பி பால் காய்ச்சிக் கொடுக்கிறது நீங்க"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட பேரு சொல்லி ஒப்படைச்சேன், அதுலருந்து பிரச்சினை இல்ல. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, வீட்டுல எது வந்தாலும் முதல்ல விட்டுக்கொடுக்கிறது பொம்பளைங்களோட நேரத்தைத்தான், நாமளும் அதைச் சரின்னு பழகிட்டோம். 25 நிமிஷம் கேக்குறது தப்பே இல்ல.

மதுரை வெயிலைப் பத்திச் சொல்லவே வேண்டாம், சித்திரை வைகாசியில 40 டிகிரிய தொட்டுரும், விடியிறதுக்கு முன்னாடியே ஓடி முடிச்சுரணும். தலை சுத்துனாலோ வேர்வை நின்னு உடம்பு குளுந்த மாதிரி இருந்தாலோ அப்பவே நிழல்ல உக்காந்து தண்ணி குடிங்க, அன்னைக்கு ஓட்டம் போதும். ஐப்பசி மழையில தூறல்னா ஓடலாம், இடி மின்னல்னா வேணாம், ரோட்டுல தண்ணி தேங்கியிருந்தாலும் வேணாம், அடியில பள்ளம் இருக்கும். நனைஞ்ச ஷூவை வெயில்ல காயப்போடாதீங்க, உள்ள இருக்குற அட்டையை எடுத்துட்டு பழைய பேப்பரைச் சுருட்டித் திணிச்சு ஃபேனுக்கு அடியில வைங்க, பேப்பரை ஒருதடவை மாத்துனா மறுநாள் காலைல போட்டுக்கலாம்.

தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கும், அழகர் இறங்குற சமயத்துலயும் தெப்பக்குளம் பக்கம் கால் வைக்க முடியாது. அப்ப ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போயிருவேன். நீங்களும் ரெண்டாவது இடம் ஒண்ணை இப்பவே பாத்து வச்சுக்கங்க, அன்னைக்குக் காலைல தேடுனா கிடைக்காது.

தெரு நாய் துரத்துனா ஓடாதீங்க, நின்னுருங்க, கண்ணைப் பாக்காம மெதுவா நடந்து விலகுங்க. கடிச்சாலோ பல்லு பட்டுக் கீறுனாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, ஊசி அங்க இலவசம், சொன்ன தேதில எல்லா ஊசியும் போட்டு முடிக்கணும். அதுல மட்டும் அலட்சியம் வேண்டாம்.

இவ்வளவு பண்ணியும் சில சமயம் நின்னு போகும். போன வருஷம் மாமியாரை ஆஸ்பத்திரியில சேத்துருந்தப்ப எனக்கு அஞ்சு வாரம் முழுசா போச்சு. அதுக்காகக் குத்த உணர்ச்சி வேண்டாம், அப்ப இருக்கவேண்டிய இடம் அதுதான். திரும்பி வர்றப்ப எப்படி வர்றோம்ங்கிறதைத்தான் கவனிக்கணும். ஒரு வாரம் விட்டுருந்தா உடம்பு பெரிசா எதையும் இழந்துருக்காது, பழைய அளவையே கொஞ்சம் மெதுவா ஓடலாம். ரெண்டு மூணு வாரம்னா பாதியிலருந்து ஆரம்பிங்க. ஒரு மாசத்துக்கு மேலன்னா ஒரு நிமிஷம் ஓட்டம், ஒண்ணரை நிமிஷம் நடை, இப்படியே மாத்தி மாத்தி 20 நிமிஷம், ரெண்டு வாரத்துக்கு அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துரும், முட்டியும் கெண்டைக்கால் தசையும் அவ்வளவு சீக்கிரம் வராது, அந்த நேரத்துல வேகமா ஓடித்தான் நிறைய பேரு காலைக் கெடுத்துக்கிறாங்க. காய்ச்சலோட ஓடவே கூடாது. டெங்கு, சிக்குன்குனியா வந்து எந்திரிச்சவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, மூட்டு வலி மிச்சம் இருக்கும்.

திரும்பி வர்ற முதல் நாள் வாட்ச்சையும் ஃபோன் ஆப்பையும் பாக்காதீங்க. பழைய நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்தா மறுநாள் எந்திரிக்கத் தோணாது. அந்த அஞ்சு வாரத்துக்கு அப்புறம் நான் போன அன்னைக்கு ஒரு சுத்துதான் முடிஞ்சது, அதுலயும் பாதி நடை, தினமும் நடக்க வர்ற பெரியவர் ஒருத்தர் "என்னம்மா, ரொம்ப நாளா காணோம்"னு கேட்டாரு. வீட்டுக்கு வந்து காலண்டர்ல அந்தத் தேதிக்கு வட்டம் போட்டேன்.