பல்லைக் கையில் எடுத்துப் படியுங்கள்

பிடிஎஸ் (பல் மருத்துவப் படிப்பு) முதல் வருடம் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, பல் அனாட்டமியை, அதாவது பல்லின் அமைப்பை, வெறும் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பல்லைக் கையில் கொடுத்ததும் எல்லாம் மறந்துபோகும். லேபில் கிருமி நீக்கிய பல்லை கிளவ்ஸ் போட்டு எடுத்து, நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

மேல்வாய் முதல் மோலாரில் (கடைவாய்ப் பல்லில்) தொடங்குங்கள், அதில்தான் விஷயம் அதிகம். மூன்று வேர்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று, அதுதான் நீளம். கடிக்கும் பரப்பில் மீசியோபேலட்டல் கஸ்ப்பிலிருந்து (அண்ணப் பக்கம் முன்னால் இருக்கும் கூம்பு முனை) டிஸ்டோபக்கல் கஸ்ப்புக்குக் (கன்னப் பக்கம் பின்னால் இருக்கும் முனை) குறுக்கே ஒரு மேடு, வயல் வரப்பு மாதிரி, சாய்வாக ஓடும். வலதா இடதா என்று குழப்பமா? வேர் மேலே, கன்னப் பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடியுங்கள்; அகலமான மீசியோபக்கல் வேர் (கன்னப் பக்கம் முன்னால் இருப்பது) உங்கள் வலக்கைப் பக்கம் வந்தால் அது நோயாளியின் வலது பல், எஃப்டிஐ எண் (ஒவ்வொரு பல்லுக்கும் தரும் சர்வதேச எண்) 16. இல்லையென்றால் 26.

கீழ் முதல் மோலாருக்கு இரண்டு வேர், பெரும்பாலும் ஐந்து கஸ்ப்.

அப்புறம் மெழுகில் பல் வடிவம் செதுக்குவது. மெழுகுக் கட்டையைத் தொடும் முன் துணி சோப்பில் பழகுங்கள். பாளையங்கோட்டையில் அறை எடுத்துப் படித்தபோது எனக்குக் கை படிந்தது அப்படித்தான்.

தை மாதம் வீட்டில் பனங்கிழங்கு அவித்தால் கண்ணாடி முன் நின்று தின்னுங்கள். வெட்டுப்பல் கடிப்பதும், கோரைப்பல் நாரைக் கிழிப்பதும், மோலார் அரைப்பதும் உங்கள் வாயிலேயே தெரியும்.