வகுப்பில் பாட்காஸ்ட்: எப்படித் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது

பாட்காஸ்ட், அதாவது போனில் வேண்டியபோது கேட்கவோ பார்க்கவோ கூடிய பதிவு, என்றதும் நிறைய ஆசிரியர்கள் நாற்பது நிமிடப் பாடத்தை அப்படியே பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பதிவுக்கு ஒரே விஷயம், நான்கைந்து நிமிடம் போதும். ஒளிச்சேர்க்கை முழுவதையும் எடுக்காதீர்கள், இலைத்துளை எதற்குத் திறந்து மூடுகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஒலியா, வீடியோவா? கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்கிற இடத்துக்கு மட்டும் வீடியோ எடுங்கள்: காம்பஸ் வைத்துக் கோணத்தை இருசமமாக வெட்டுவது, வேதியியல் ஆய்வகத்தில் கரைசல் நிறம் மாறும் நொடி, இந்த மாதிரி. செய்யுள் வாசிப்பு, ஆங்கில உச்சரிப்பு, வரலாறு இதற்கெல்லாம் ஒலியே நல்லது. டேட்டாவும் மிச்சம். மோனோவில் (ஒரே ஒலித்தடம்), 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 கோப்பாகச் சேமித்தால் 5 நிமிடப் பதிவு சுமார் 2.4 எம்பிதான் வரும், வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும் என்கிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

பதிவு செய்ய உங்கள் போனே போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதாது. வெட்டி ஒட்ட ஆடாசிட்டி (Audacity) என்கிற கணினி மென்பொருள் இலவசம். எழுதி வைத்து வாசிக்காதீர்கள், குரல் செத்துவிடும். நாலு குறிப்பு போதும்.

வகுப்பில் ஓடவிடும் முன் கரும்பலகையில் இரண்டு கேள்வி எழுதிவிடுங்கள். எதைத் தேடிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கவனம் நிற்கும். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள். போன் ஸ்பீக்கர் கடைசி பெஞ்சுக்கு எட்டாது, தனி ஸ்பீக்கர் வேண்டும். காது கேட்பதில் சிரமம் உள்ள பிள்ளை இருந்தால் எழுத்து வடிவமும் கட்டாயம்.

சரி, இதெல்லாம் பாதி வேலைதான். பிள்ளைகளே பதிவு செய்வதில்தான் உண்மையான கற்றல் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 2004இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் 1,600க்கும் மேற்பட்டோருக்கு ஐபாட் (iPod, பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவி) கொடுத்தபோதுகூட, மாணவர்களையும் ஆசிரியர்களையும் அதிகம் ஈர்த்தது அதில் குரல் பதிவு செய்யும் வசதிதான். நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஊர் ஏரியில் முன்பு தண்ணீர் எப்படிப் பங்கிட்டார்கள் என்று ஒரு பெரியவரிடம் பேட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். அவரிடம் அனுமதி கேட்டபிறகுதான் பதிவு. பிள்ளைகளின் குரலோ முகமோ வகுப்புக்கு வெளியே போவதானால் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், காப்புரிமைச் சிக்கல் வரும்.

மதிப்பெண்ணை எடிட்டிங்குக்குப் போடாதீர்கள். தயாரித்துப் போன கேள்விகளை விட்டு, பெரியவர் சொன்ன பதிலிலிருந்தே ஒரு புதுக் கேள்வியைப் பிள்ளை கேட்டிருந்தால் அதற்குத் தாராளமாகப் போடுங்கள்.