செங்காந்தள் காய்ந்தால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

முதல் வருடம் நானும் அந்தத் தவறைத்தான் செய்தேன். ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பூத்த செங்காந்தள், தை பிறக்கும்போது வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு வேளையும் ஊற்றினேன். மாசியில் தொட்டியைக் கிளறினால் கிழங்கு கூழாகக் கிடந்தது; நாற்றம் வேறு.

காய்வது இந்தக் கொடியின் வழக்கம். வேலியோரத்திலும் புதர்க்காட்டிலும் வளர்வது, பூத்துக் காய்த்ததும் மேலே உள்ளதை உதறிவிட்டுக் கோடை முழுக்க மண்ணுக்குள் தூங்கும். ஆனி, ஆடி வாக்கில்தான் மறுபடி முளைக்கும். தண்டு மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை நனையாத இடத்துக்கு நகர்த்துங்கள். அப்புறம் முளை தலைகாட்டும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். மண்ணும் தண்ணீரைப் பிடித்து வைக்கக் கூடாது. களிமண் ஆகாது, மணல் கலந்த செம்மண் போதும்.

நடும்போது நடக்கும் தவறு வேறு. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால்தான் இதற்குக் கலப்பைக்கிழங்கு என்றும் பேர். அந்த வளைவின் இரண்டு முனைகளில்தான் முளை இருக்கிறது. முனை ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உருளைக்கிழங்கு மாதிரி கண்ட இடத்தில் நறுக்கினால் அவ்வளவுதான். இரண்டு, மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். சின்னக் கிழங்கு முதல் வருடம் வெறும் இலையோடு நின்றுவிடும், கவலை வேண்டாம்.

இலை நுனி சுருண்டிருப்பதைப் பார்த்து நோய் என்று கிள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சுருள்தான் கொடிக்குக் கை! குச்சி கிடைத்தால் அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். மூங்கில் கழி நட்டால் பிடி கிடைக்காமல் சரிந்துவிடும். விரல் தடிமன்கூட இல்லாத மிலாறுகளைச் செருகுங்கள்.

இனி விளையாட்டில்லாத விஷயம். செடி முழுக்க கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். சமையலுக்கான கிழங்குகளோடு இதை ஒருபோதும் சேர்த்து வைக்காதீர்கள். தோண்டும்போது கையுறை போடுங்கள். குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீடு என்றால் வளர்க்காமலிருப்பதே நல்லது என்பேன். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

காட்டிலிருந்து பிடுங்கி வருவது இன்னொரு தவறு. பூத்திருக்கும்போதுதான் இந்தக் கொடி கண்ணில் படும், ஆசையில் அப்போதே தோண்டுகிறார்கள். பழைய கிழங்கு வற்றி, புதியது இன்னும் முற்றாத நேரம் அது. காட்டிலும் போயிற்று, வீட்டிலும் வராது. கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் மருந்துக்கான விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அங்கே கண்வலிக்கிழங்கு என்று கேட்டால்தான் தெரியும். கொடி காய்ந்த பிறகு கேளுங்கள், முற்றிய கிழங்காகக் கிடைக்கும்.