மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும்: ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக் கல்லூரிகளில் இருபது ஆண்டுகள் கம்பீரமாகப் பாடம் நடத்தியவர்கள்கூட மடிக்கணினி முன்னால் உட்கார்ந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறார்கள். தெரியாமல் இருப்பது குற்றமில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, மொத்த வேலையையும் டிடிபி சென்டரில் கொடுத்துவிடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு.

தமிழ் ஆய்வேடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அச்சில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எழுத்துருவில் கணினி உள்ளே வைத்திருப்பது வெறும் ஆங்கில எழுத்துகளை. அதனால் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறிய பிறகு, உள்ளே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் எதுவும் சிக்காது. ஐந்து வருட உழைப்பு இருந்தும் இல்லாத மாதிரி. தமிழைத் தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுவிட்டது. கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். தமிழ் 99 விசைப்பலகையைப் பழகி நீங்களே அடித்தால் இன்னும் நல்லது.

அடுத்தது எக்செல். மூன்றாம் வயல், பன்னிரண்டாம் மண் மாதிரி என்று 3-12 என அடித்தால், அது டிசம்பர் 3 என்றோ மார்ச் 12 என்றோ தேதியாகிவிடும். பிறகு எண்ணாக மாற்றிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஐந்து இலக்க எண் வரும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இது பெரிய ஆய்வகங்களையும் விட்டுவைக்கவில்லை. பெயரை எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே சில மனித மரபணுக்களுக்குப் புதுப் பெயர் வைத்ததாக 2020-இல் அறிவித்தார்கள்.

மேற்கோள் பட்டியலைக் கையால் அடிக்காதீர்கள். அதைத் தானாகவே அமைத்துத் தரும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம், ஒரு மதியத்தில் பழகிவிடலாம்.

அப்புறம், ஒரே பிரதி. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்களிடம் பதிவு செய்த பாடல்களை என் போனில் மட்டும் வைத்திருந்தேன். ஏற்காட்டு மழையில் போன் நனைந்தது, அத்தனையும் போயிற்று. பாடிய பாட்டி ஒருவர் இப்போது இல்லை. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. மூன்று பிரதி வையுங்கள்: மடிக்கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போல வெளியே ஒன்று. களத்திலிருந்து இறங்கிய அன்று இரவே செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் யாரிடம் கற்பது? உங்கள் ஆய்வு மாணவரிடமே. “தம்பி, எனக்கு இது வரல, கொஞ்சம் சொல்லு” என்று கேட்டால் மரியாதை குறையாது; அவர் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். வாரம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். மவுஸை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.