நீராவி எஞ்சின் மாடலுக்குக் கோடு இழுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி, தானே சால்டர் செய்து கட்டிய பித்தளை எஞ்சினைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கட்டிய விதம் அருமை. ஆனால் பாய்லரைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோட்டின் இருபுறமும் பச்சை பெயின்ட் வயல் வரப்பு மாதிரி எழும்பி நின்றது.

"எத்தனை நாள் காயவிட்டீங்க?"

"மூணு நாள் அண்ணா. தொட்டுப் பார்த்தேன், ஒட்டவே இல்லை."

இதே பதிலைத்தான் பல வருஷங்களுக்கு முன்னால் நானும் சொன்னேன். டப்பாவை நன்றாகக் கலக்குங்கள், தூசி படாமல் வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று நம்புவது

எனாமல் (நாம் அடிக்கும் எண்ணெய் வகை பெயின்ட்) இரண்டு கட்டமாகக் காயும். முதலில் தின்னர் ஆவியாகிப் போகும். அதற்குச் சில மணி நேரம் போதும். அப்புறம்தான் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து உள்ளே இறுகத் தொடங்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மேலே தோல் கட்டிவிடுவதால் விரல் ஏமாந்துபோகும். இரண்டு அலகுகளுக்கு நடுவே பெயின்டை நிரப்பிக் கோடு இழுக்கும் ரூலிங் பேனாவின் உலோக அலகுகள் ஏமாறாது, நேராக உள்ளே இறங்கிவிடும்.

என்னுடையது மிட்லண்ட் ரயில்வே என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் கருஞ்சிவப்பில் அடித்த சின்ன டேங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமப்பது). கறுப்பு விளிம்பு, அதை ஒட்டி மஞ்சள் கோடு. பக்கவாட்டுத் தொட்டியின் மூலை வளைவில் பேனா சிவப்பைக் கீறிக்கொண்டு போனது. கோடு சரியில்லையே என்று டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தேன். மஞ்சளோடு சிவப்பும் வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்தேன். பகல் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்தது. கடைசியில் மொத்தத்தையும் பெயின்ட் ரிமூவரில் போட்டேன். அது பெயின்டோடு நிற்கவில்லை. எபாக்ஸியில் ஒட்டியிருந்த புகைபோக்கி, டோம், பஃபர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டது. இரண்டு மாத வேலை போச்சு. இன்றைக்கும் யாராவது மூன்றாம் நாளில் பேனாவை எடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, காத்திருப்பதற்குக் காசா பணமா!

சோதனை எளிது. எஞ்சினை மூக்கருகே கொண்டுபோங்கள். பெயின்ட் வாசனை லேசாக வந்தாலும் திரும்ப மூடி வையுங்கள். குறைந்தது இரண்டு வாரம். நான் மூன்று வாரம் தொடமாட்டேன். விளக்குச் சூட்டில் வைத்தால் சீக்கிரம் இறுகும், ஆனால் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. வெள்ளை உலோகத்தில் (எளிதில் உருகும் கலப்பு உலோகம்) வார்த்த பாகங்களுக்குப் பயன்படுத்தும் சால்டர் 70 டிகிரியிலேயே உருகிவிடும்.

இன்னும் நல்ல வழி, அடி வண்ணத்தை செல்லுலோஸ் என்ற இன்னொரு வகை பெயின்டில் அடித்துவிட்டுக் கோட்டை மட்டும் எனாமலில் இழுப்பது. காய்ந்த செல்லுலோஸை டர்பன்டைன் ஒன்றும் செய்யாது. கோடு தப்பினால் ஈரம் குறைந்த பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். கை தானாகவே நடுங்காமல் இருக்கும். இதையே தலைகீழாகச் செய்து எனாமல் மேல் செல்லுலோஸை அடித்தீர்கள் என்றால் தோல் சுருங்கிப்போகும்.

ஃபிளக்ஸைக் கழுவாமல் விடுவது

சால்டர் செய்யும்போது தடவிய ஃபிளக்ஸ் மிச்சமிருந்தால் பச்சையாகப் பூத்து, பெயின்டைத் தூக்கிவிடும். சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ்.

மேட் பரப்பில் கோடு இழுப்பது

மினுமினுப்பில்லாத பரப்பில் கோடு கசியும். பளபளப்பான பரப்பில் இழுங்கள். மினுமினுப்பைக் கடைசி வார்னிஷில் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரே எஞ்சினில் மூன்று காலம்

வண்ணம் சரியாக இருந்து வருஷம் தப்பினாலும் மாடல் பொய்யாகிவிடும். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 1923-இல் டான்காஸ்டர் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தபோது அதன் எண் 1472, அடுத்த வருஷமே 4472, 1946-இல் 103, ரயில்வே தேசியமயமான 1948-இன் கடைசியில் 60103. போர்க்காலத்தில் கறுப்பு, பிறகு கொஞ்ச காலம் நீலம், அதற்கப்புறம் ஆரஞ்சு-கறுப்பு-ஆரஞ்சு கோடு போட்ட அடர் பச்சை. பாய்லர் பட்டையில் வெள்ளை-கறுப்பு-வெள்ளை ஓடிய ஆப்பிள் பச்சை எஞ்சினை 1930-களுக்கு என்று செய்கிறவர், புகைபோக்கியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரட்டைப் புகைபோக்கி 1950-களின் கடைசியில்தான் வந்தது. அதன் இருபுறமும் நிற்கும் புகைத் தடுப்புத் தகடுகள் அதற்கும் பிறகு.

சின்னத்திலும் கவனம் தேவை. 1956-இல் வந்த பிரிட்டிஷ் ரயில்வே சின்னத்தில் சிங்கம் முதலில் இரண்டு பக்கமும் எஞ்சினின் முன்புறத்தையே பார்த்தது. மரபுச் சின்னங்களுக்குப் பொறுப்பானவர்கள் ஆட்சேபித்ததால், பிறகு இரண்டு பக்கமும் இடதுபுறம் பார்க்க ஆரம்பித்தது. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே ஒரு வருஷத்தை முடிவு செய்து, அந்த வருஷத்துப் படத்தை மேசைமேல் ஒட்டி வையுங்கள்.

பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறம் தேடுவது

பழைய கண்ணாடித் தகடுகள் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறலாகவும் காட்டும். போதாததற்கு, தொழிற்சாலைகள் படம் எடுப்பதற்கென்றே எஞ்சினுக்குச் சாம்பல் வண்ணம் அடித்ததும் உண்டு. கோடு எங்கே ஓடுகிறது, மூலை எப்படி வளைகிறது என்பதற்கு அந்தப் படங்கள் போதும். நிறத்துக்குப் போதாது.

கோட்டின் அகலத்தை அப்படியே சுருக்குவது

நிஜ எஞ்சினில் கால் அங்குலக் கோடு, அடிக்கு 4 மில்லிமீட்டர் அளவில் (நிஜத்தில் ஒரு அடி மாடலில் 4 மில்லிமீட்டர்) 0.08 மில்லிமீட்டர்தான் வரும். தலைமுடி கனம். பேனாவில் 0.2 வந்தாலே நல்ல கை. அதைவிட மெலிதாக்கப் போய் விட்டுவிட்டு ஓடுவதைக் காட்டிலும், கொஞ்சம் தடித்தாலும் ஒரே சீராக ஓடும் கோடு கண்ணுக்கு நிஜமாகத் தெரியும்.

அந்தத் தம்பியின் எஞ்சினில் நல்லவேளை பாய்லரில் மட்டும்தான் கோடு விழுந்திருந்தது. இப்போது அது என் அலமாரியில் மூடிய டப்பாவுக்குள் இருக்கிறது. வாசனை போனதும் வரப்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து இறக்கிவிட்டு, ஒரு பூச்சு பச்சை கொடுத்து, அதுவும் இறுகிய பிறகு பேனாவை எடுக்கப் போகிறோம்.