மூணாறு குளிருக்குத் தப்பிச்சு கேரவன இழுத்துக்கிட்டு தெக்க இறங்குறது எப்படி

டிசம்பர் கடைசி ஆயிட்டாலே மூணாறு சுத்தி செண்டுவாரை, லட்சுமி, செவன்மலை எஸ்டேட் பக்கமெல்லாம் விடியக்காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும். டூரிஸ்ட்டுங்க அத போட்டோ எடுக்க மேல ஏறி வர்ற நேரத்துல, இங்கயே குடியிருக்கிற நமக்கு, அதுவும் மூட்டுவலி, இளைப்புன்னு இருக்கிற அப்பா அம்மாவ வச்சிருக்கவங்களுக்கு, எப்படா கீழ இறங்குவோம்னு இருக்கும். சொந்தக்காரங்க வீட்ல ஒரு மாசம் போய் உக்கார முடியாது, லாட்ஜ் வாடகையும் கட்டாது, அதனால இப்போ பொலீரோ, தார் மாதிரி ஜீப்பு பின்னாடி ஒரு சின்ன கேரவன் ட்ரெய்லர மாட்டிக்கிட்டு திருச்செந்தூர், கன்னியாகுமரின்னு கிளம்பலாமான்னு கேக்குறவங்க அதிகமாயிட்டாங்க. போலாம், தாராளமா போலாம், ஆனா கொஞ்சம் விஷயம் தெரிஞ்சுட்டு போங்க.

கனடா, அமெரிக்காவுல குளிர் வந்தா வண்டிய மாட்டிக்கிட்டு புளோரிடா, அரிசோனான்னு போறது ரொம்ப வருஷ பழக்கம். நம்ம ஆளுங்க அந்த வீடியோவத்தான் பாத்துட்டு உள்ள சோபா எங்க, ஓவன் எங்கன்னு யோசிக்கிறாங்க. அவங்க பெரும்பாலும் அகல ஹைவேல நேரா ஓட்டுறாங்க, நமக்கு வீட்ட விட்டு கிளம்பின கொஞ்ச நேரத்துலயே போடிமெட்டு மலை இறக்கம். இருக்கிற ரோட்டுலயே கஷ்டமான இடம் நமக்கு முதல்லயே வந்துரும், கை பழகுறதுக்குள்ள. அதனால காசு இருந்தா பிரேக்குல போடுங்க, டயர்ல போடுங்க, உள் அலங்காரம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

முதல்ல பேப்பர். ட்ரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வண்டிதான், அதுக்கு தனி ஆர்சி, தனி நம்பர், இன்சூரன்ஸ் வேணும். பட்டறைல சொல்லி வெல்டிங் வச்சு கட்டிட்டு அப்படியே ரோட்டுக்கு வந்தீங்கன்னா செக்போஸ்ட்ல ஃபைன விடுங்க, ஒரு விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். மொத்த எடை 750 கிலோவுக்குள்ள இருந்தா டி1 (T1) வகை, அதுக்கு மேல 3.5 டன் வரைக்கும் டி2 (T2). சின்னதாவே வாங்குங்கன்னு சொல்வேன், நம்ம கொண்டை ஊசில பெருசு வேலைக்கு ஆகாது. உங்க ஜீப்பு எவ்வளவு இழுக்கும்னு மேனுவல்ல பாருங்க, போடலன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க, மெக்கானிக் "அதெல்லாம் இழுக்கும்ணே"ன்னு சொல்றத நம்பாதீங்க. இழுக்கிறது பெரிய விஷயமே இல்ல, நிறுத்துறதுதான்.

அடுத்து எடை, இத நிறைய பேரு கண்டுக்கிறதே இல்ல. சாமான் எல்லாம் ஏத்தின பிறகு ட்ரெய்லர எடை மேடைல ஒரு தடவ போட்டுருங்க. அப்புறம் ஜீப்பு பின்னாடி ட்ரெய்லர மாட்டுற கொக்கி மேல எவ்வளவு பாரம் உக்காருதுன்னு பாக்கணும், அது மொத்த எடைல பத்து பர்சென்ட்டோ கொஞ்சம் கூடவோ இருக்கணும், அதாவது 700 கிலோ ட்ரெய்லர்னா கொக்கில 70ல இருந்து 100 கிலோ. ஜீப்போட கொக்கி அந்த பாரத்த தாங்குமான்னும் பாத்துக்கோங்க. எடை மேடைல இந்த சின்ன கணக்கு சரியா தெரியாது, வீட்ல எடை பாக்குற மிஷின் மேல பலகைய வச்சு, முன்பக்க முனைய அதுல நிறுத்திப் பாத்தா போதும். கொக்கில பாரம் கம்மி, பின்னாடி அதிகம்னா வேகம் எடுக்கும்போது ட்ரெய்லர் மீன் வாலாட்டுற மாதிரி ஆட ஆரம்பிச்சுரும், ஆரம்பிச்சா அடக்குறது லேசில்ல. அரிசி மூட்டை, பேட்டரி, சிலிண்டர் எல்லாம் ட்ரெய்லர் சக்கர அச்சுக்கு நேரா இல்ல கொஞ்சம் முன்னாடி, கீழ வைங்க, மேல் பரண்ல துணிமணி மட்டும்.

தண்ணி டேங்க காலியா கொண்டு போங்க. 100 லிட்டர்னா 100 கிலோ, அதுவும் பாதி நிரம்பின டேங்க்னா வளைவுக்கு வளைவு தண்ணி அலம்பி வண்டிய தள்ளும். தேனில நிரப்பிக்கலாம், அங்க தண்ணிக்கு என்ன பஞ்சம்.

மாட்டுறது எப்படின்னா, ட்ரெய்லர் முனைல இருக்கிற கப்ளர், ஜீப்பு கொக்கியோட உருண்டை மேல உக்காந்து பூட்டு விழுந்துச்சான்னு கண்ணால பாத்தா மட்டும் போதாது, பூட்டின பிறகு முன் ஜாக்கிய வச்சு கொஞ்சம் தூக்கிப் பாருங்க, ஜீப்போட பின்பக்கமும் சேந்து மேல வந்தா சரியா பூட்டியிருக்குன்னு அர்த்தம். சேப்டி செயின் ரெண்டையும் கொக்கிக்கு அடில குறுக்க மாத்தி போடுங்க, கழண்டாலும் முனை ரோட்டுல குத்தாம செயின் மேல விழும். ட்ரெய்லர் கழண்டா அதோட பிரேக்க இழுக்கிற மெல்லிசு கேபிள செயின்ல மாட்டாதீங்க, தனியா வண்டில மாட்டணும். லைட்டு, இண்டிகேட்டர் ஒருத்தர பின்னாடி நிக்க வச்சு பாத்துருங்க. ட்ரெய்லர் டயர் பட்டன் தேயாமலே கிழடாகும், பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணுதான் தயாரிச்ச வாரமும் வருஷமும், 1219ன்னா 2019ல பன்னெண்டாவது வாரம், அப்படி பழைய டயர வச்சுக்கிட்டு மலை இறங்காதீங்க.

இப்போ இறக்கம். மூணாறுல இருந்து தேவிகுளம், கேப் ரோடு, பூப்பாறை, போடிமெட்டு, அங்க இருந்து 17 கொண்டை ஊசி இறங்கினா முந்தல், அப்புறம் போடி. குமுளி வழியா போலாமேன்னு கேப்பீங்க, ஆனா நமக்கு குளிர் அடிக்கிற மாசம்தான் சபரிமலை சீசன், அந்த ரோடு பூரா ஐயப்ப பக்தருங்க வண்டி, கம்பம்மெட்டு வழியா போயி குமுளி வழியா வான்னு ஒருவழியாவும் மாத்தி விடுவாங்க, ட்ரெய்லரோட அதுல போயி மாட்டாதீங்க. மகரவிளக்கு முடியிற வரைக்கும் போடிமெட்டுதான் நல்லது.

நேரம் ரொம்ப முக்கியம். காலைல போடி, தேவாரம் பக்கத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு வர்ற ஜீப்புங்க மேல பறந்து வரும், சாயங்காலம் அதே வேகத்துல கீழ இறங்கும், அந்த டிரைவருங்களுக்கு ரோடு மனப்பாடம், நமக்காக ஒதுங்க மாட்டாங்க. விடியக்காலைல பனிமூட்டம் வேற. அதனால பத்து மணிக்கு மேல மெட்டுல இருந்து இறங்கி மத்தியானத்துக்குள்ள முந்தல் தாண்டுற மாதிரி வச்சுக்கோங்க.

மெட்டு டீக்கடைல ஒரு டீய குடிச்சுட்டு கொக்கி, செயின், வீல் நட்டு எல்லாம் திரும்ப ஒரு பார்வை. அப்புறம் நம்ம பழைய லாரி டிரைவருங்க சொல்ற மாதிரி ஏறுற கியர்லயே இறங்குங்க, ரெண்டாவதுலயே, ரொம்ப செங்குத்துன்னா முதல் கியர்ல. நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பிரேக்க விடாம மிதிச்சுட்டே இருந்தா சூடேறி பிடிக்காம போயிரும், கொஞ்சம் அழுத்தி வேகத்த குறைச்சு விட்டுருங்க, திரும்ப ஏறினா திரும்ப. சின்ன ட்ரெய்லர்ல நிறைய இருக்கிறது தள்ளு பிரேக், அதாவது ட்ரெய்லர் முன்னாடி தள்ளும்போது தானா பிடிக்கிறது, அது சமதரைல நல்லா இருக்கும், ஆனா நீள இறக்கத்துல தள்ளிக்கிட்டே இருக்கிறதால பிடிச்சுக்கிட்டே இருக்கும், டிரம் கொதிச்சுரும். நாலஞ்சு வளைவுக்கு ஒரு தடவ அகலமான இடமா பாத்து ஓரம் கட்டி, சக்கரத்துகிட்ட கைய கொண்டு போங்க, தொடாதீங்க, அனல் அடிச்சா இல்ல கருகின வாடை வந்தா அரை மணி நேரம் உக்காருங்க. சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க, டிரம் வெடிப்பு விட்டுரும். சக்கரத்துக்கு கல்லு வச்சீங்கன்னா கிளம்பும்போது அந்த கல்ல எடுத்து ஓரமா போட்டுட்டு போங்க சாமி, பின்னாடி பைக்குல வர்றவன் என்ன பாவம் பண்ணான்.

கொண்டை ஊசில ட்ரெய்லர் சக்கரம் ஜீப்பு போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். அதனால ஹாரன் அடிச்சு, எதிர்ல ஆள் இல்லன்னு தெரிஞ்ச பிறகு வெளிப்பக்கமா அகலமா போயி லேட்டா திருப்பணும். ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் உரிமை, நாமதான் நின்னு வழி விடணும். பின்னாடி எடுக்க வேண்டி வந்தா ஸ்டியரிங்கோட கீழ்ப்பக்கத்த பிடிச்சுக்கோங்க, ட்ரெய்லரோட வால் எந்தப் பக்கம் போகணுமோ கையையும் அந்தப் பக்கமே நகத்துங்க, அவ்வளவுதான் சூட்சுமம். இத மலைல கத்துக்காதீங்க, ஏதாவது கிரவுண்டுல ரெண்டு நாள் பழகுங்க.

ஓடுற ட்ரெய்லருக்குள்ள யாரையும் உக்கார வைக்காதீங்க, "அம்மாவுக்கு கால் நீட்டணும்"னு சொன்னாலும் கூடாது. கேஸ் வால்வ மூடிட்டுத்தான் வண்டி நகரணும். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி கேரவன்ல படுக்கிறவங்க குளிருக்கு கரி அடுப்ப உள்ள வைக்கவே வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள முடிச்சுரும். கம்பளி போதும். மேல இருக்கும்போது கேஸ் அடுப்பு சோம்பலா எரிஞ்சா பயப்படாதீங்க, நம்ம சிலிண்டர்ல பியூட்டேன் அதிகம், அது பூஜ்யம் டிகிரிகிட்ட ஆவியாகவே யோசிக்கும், போடி வந்தா சரியாயிரும்.

தேனில ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலைல, வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் காத்த திரும்ப பாருங்க, மேல குளிர்ல பிடிச்ச அளவு கீழ வெயில்ல மாறியிருக்கும். அங்க இருந்து ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி, திருமங்கலம், அப்புறம் நாலு வழிச்சாலைல திருநெல்வேலி வரைக்கும் நேர் ரோடு. அறுபதுக்கு மேல போகாதீங்க. ஆம்னி பஸ் ஓவர்டேக் பண்ணும்போது காத்து வண்டிய தள்ளும், இழுக்கும், ஸ்டியரிங்க நேரா பிடிச்சா போதும். ஆட ஆரம்பிச்சா பிரேக்க அழுத்தக்கூடாது, எதிர்த்து திருப்பவும் கூடாது, ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துருங்க. தைப்பூசம் நெருங்கினா ராத்திரி ஓட்டாதீங்க, திருச்செந்தூர் ரோட்டுல பாதயாத்திரை போறவங்க இருட்டுல வரிசையா நடப்பாங்க.

தங்குறதுக்கு கன்னியாகுமரி என் சாய்ஸ் இல்ல, அந்த சீசன்ல ஐயப்ப பக்தருங்க கூட்டத்துல ட்ரெய்லர திருப்பவே இடம் கிடைக்காது. உவரி, மணப்பாடு பக்கம் பாருங்க, தோட்டம் வச்சிருக்கவங்ககிட்ட நேரடியா பேசி தண்ணி, கரண்டுக்கு காசு குடுத்தா நிம்மதி. கடற்கரை மணல்லயும் தேரிக்காட்டு செம்மணல்லயும் சக்கரத்த விட்டுராதீங்க, டிராக்டர் வச்சு இழுக்கணும். உப்புக்காத்து கொக்கியையும் பேரிங்கையும் தின்னுரும், வாராவாரம் நல்ல தண்ணில கழுவி கொக்கிக்கு கிரீஸ் வைங்க, ஊருக்கு கிளம்புறதுக்கு முன்னாடி வீல் பேரிங்க கழட்டி புது கிரீஸ் போட்ருங்க.

பிப்ரவரி பாதில திரும்பலாம், அப்போ மேல குளிர் விட்டுருக்கும். ஏறும்போதும் டேங்க் காலி, ஏசி ஆஃப், முதல் இல்ல ரெண்டாவது கியர், டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறினா நிறுத்தி இன்ஜின ஓட விட்டே ஆற வைங்க, ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டுல திறக்காதீங்க. பின்னாடி நாலு வண்டி சேந்துச்சுன்னா அடுத்த அகலமான இடத்துல ஒதுங்கி விட்ருங்க, ஜீப்புக்காரன் திட்டுறது நமக்கு கேக்காது, ஆனா நாளைக்கு நம்ம பூப்பாறைலதான் அவனையே பாக்கணும்.