மணல் தட்டில் ஒரு கிராண்ட் கேன்யன்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் போன்ற பெரும் பள்ளத்தாக்கு உருவாக, ஆறு ஒரு பீடபூமியை எப்படிக் குடைகிறது என்று படம் போட்டு விளக்கினால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு மணல் தட்டும் மெல்லிய நீரோட்டமும் இருந்தால் ஒரு பிற்பகலில் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் இதைச் செய்பவர்களில் பலர் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, "தண்ணீர் வேகமாக ஓடினால் பள்ளம் விழும்" என்று காட்டுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஆறு போய்ச் சேரும் இடம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது கீழே வெட்ட முடியும். பீடபூமி உயர்ந்தாலும் சரி, ஆற்றின் வாய் தாழ்ந்தாலும் சரி, ஆற்றுக்கு இரண்டும் ஒன்றே. 40 கிலோ மணலைச் சீராகத் தூக்குவது நம்மால் ஆகாது. ஆகவே வாயைத் தாழ்த்துவோம்.

தட்டு 100 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் இருந்தால் போதும். பிளைவுட்டில் அடித்து உள்ளே தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். ஒரு முனைப் பலகையின் நடுவில், அடியிலிருந்து 2 செ.மீ. விட்டு, 8 செ.மீ. அகலத்தில் மேல்வரை ஒரு வெட்டு. அங்கே தார்ப்பாயையும் வெட்டி, ஓரங்களை நன்றாக ஒட்டிவிடுங்கள். இந்த வாயை அடைக்க ஐஸ்கிரீம் குச்சிகள் ஆறு. ஒவ்வொன்றும் சுமார் 1 செ.மீ. அகலம். உட்புறமாகப் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, சந்துகளில் களிமண் பூசுங்கள். பிறகு ஒவ்வொன்றாக உருவப்போவது இவற்றைத்தான். மறுமுனையின் அடியில் இரண்டரை செ.மீ. கட்டை வையுங்கள். வாய்க்குக் கீழே ஒரு வாளி.

மணலை மெல்லிய சல்லடையில் சலித்து, புட்டு மாவுப் பதத்துக்கு ஈரப்படுத்துங்கள்: பிடித்தால் நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். காய்ந்த மணலில் தண்ணீர் ஓடாது, உள்ளே இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் மொத்தமும் குழம்பாகி வாய்ப்பக்கம் சரியும். பெரும்பாலான தட்டுகள் கெட்டுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

அடியில் 2 செ.மீ. வெறும் மணல். அதன்மேல் 1.5 செ.மீ. வீதம் நான்கு அடுக்குகள்: மிருது, கடினம், மிருது, கடினம். மிருது என்பது வெறும் மணல். கடினத்துக்கு நான்கு பங்கு மணலுக்கு ஒரு பங்கு குயவர் களிமண். களிமண் பாதிக்குப் பாதி போனால் தண்ணீர் மேலே வழுக்கிக்கொண்டு போகும், வெட்டாது. அடுக்குக்கு அடுக்கு செங்கல் தூளோ கோலப்பொடியோ தூவினால் பிறகு சுவரில் கோடு தெரியும். கரித்தூள் வேண்டாம், மிதந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். ஒவ்வோர் அடுக்கையும் மரக்கட்டையால் அழுத்துங்கள். கடைசியில், மேற்பரப்பில் விரலால் ஒரு செ.மீ. ஆழத்துக்கு நெளிநெளியாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அதுதான் பழைய ஆறு.

ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஆக வேண்டும். அந்த அளவுக்குக் குழாயைத் திருகி வையுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு தட்டைக்கல், இல்லாவிட்டால் அங்கேயே குழி பறித்துக்கொள்ளும். முதல் பதினைந்து நிமிடம் குச்சியைத் தொட வேண்டாம். ஆறு கரையை நக்கும், வண்டலை இறக்கும், அகலும், ஆழமாகாது. இதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது புரியும்.

இப்போது மேல் குச்சியை உருவுங்கள். வாயில் ஒரு சின்னப் படி விழும். கவனிக்க வேண்டியது அந்தப் படியை. அது வாயிலிருந்து மேல்நோக்கி, ஆறு வரும் திசைக்கு எதிராக, நகர்ந்துகொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பல்குச்சி நட்டு அடையாளம் வைத்தால் நகர்வு தெளிவாகத் தெரியும். வெறும் மணலில் படி சாய்ந்து கரைந்துவிடும். களிமண் அடுக்கு மேலே இருந்தால் செங்குத்தாக நிற்கும், அடிமணல் அரிபட்டதும் மேல்பலகை உடைந்து விழும். படி பாதித் தூரம் போனபின் அடுத்த குச்சி. ஆறு குச்சிகளையும் ஒரே மூச்சில் உருவினால் நெளிவெல்லாம் அறுந்து நேரான சாக்கடையாகிவிடும். மெதுவாக இறக்கினால் பழைய நெளிவு அப்படியே ஆழத்தில் பதியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சான் ஹுவான் ஆறு 300 மீட்டர் ஆழத்தில் பாம்பாக வளைந்து ஓடுவது இப்படித்தான்: சமவெளியில் நெளிந்த ஆறு, நிலம் உயர உயர நெளிவோடு கீழே இறங்கியிருக்கிறது.

கிராண்ட் கேன்யனை வெட்டிய கொலராடோ ஆற்றுக்கு இரண்டும் நடந்தன. பீடபூமி உயர்ந்தது, சுமார் 50–60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலிஃபோர்னியா வளைகுடா திறந்து, ஆற்றுக்குத் தாழ்வான புது வாய் கிடைத்தது. கிராண்ட் கேன்யனின் பெரும்பகுதி அதன் பிறகு வெட்டப்பட்டது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. ஆழம் 1,600 மீட்டர் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர் சொச்சம். நம் விரல் நகம் மூன்று நாளில் வளரும் அளவு.

இதுவரை உங்கள் தட்டில் இருப்பது குறுகிய பிளவு மட்டுமே. அசலில் ஆறு சராசரியாக 90 மீட்டர் அகலம்தான், பள்ளத்தாக்கோ சில இடங்களில் 29 கி.மீ. அகலம். மீதியை ஆறு வெட்டவில்லை. மழையும் உறைபனியும் சரிவும் சுவர்களைத் தின்றன. விழுந்ததை ஆறு வாரிக்கொண்டு போனது, அவ்வளவுதான். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் சுவர்மேல் பத்து நிமிடம் தூவுங்கள். களிமண் அடுக்கு செங்குத்தாக நிற்கும், மணல் அடுக்கு சரிவாகும். சுவர் படிக்கட்டாக மாறும். கிராண்ட் கேன்யனில் ரெட்வால் சுண்ணாம்புக்கல்லும் கோக்கனினோ மணற்கல்லும் செங்குத்துப் பாறையாக நிற்க, ஹெர்மிட், பிரைட் ஏஞ்சல் களிப்பாறைகள் சரிவாக இறங்குவது இதே காரணத்தால்.

தட்டு ஒரு விஷயத்தில் பொய் சொல்லும். இங்கே தண்ணீரே மணலைத் தூக்கிப் போகிறது. பாறையில் அப்படி நடக்காது. ஆறு உருட்டி வரும் கல்லும் மணலும் மோதித் தேய்த்தால்தான் தரை வெட்டுப்படும். ஸ்பானிய மொழியில் கொலராடோ என்றால் செந்நிறமானது; வண்டலால் சிவந்து ஓடியதால் வந்த பெயர். 1963-இல், கிராண்ட் கேன்யனுக்கு மேலே ஆற்றில் கட்டிய கிளென் கேன்யன் அணையின் மதகுகளை மூடியபின் வண்டல் மேலேயே தங்கிவிட்டது. கீழே பெரும்பாலும் ஓடுவது தெளிந்த, குளிர்ந்த, பச்சைத் தண்ணீர், கரையோர மணல்திட்டுகளும் சுருங்குகின்றன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வில்லைகள் இரண்டை ஒன்றில் வெறும் தண்ணீரும் மற்றதில் மணல் கலந்த தண்ணீரும் விட்டு ஒப்பிட்டால் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம்.

தண்ணீரை நிறுத்துமுன் இன்னொன்று. தட்டின் ஒரு நீளப் பக்கத்தின் அடியில் ஒரு செ.மீ. கட்டை சொருகி, இரு பக்கமும் ஒரே அளவு தூவுங்கள். உயரமான பக்கத்தில் விழும் நீர் பள்ளத்துக்குள் இறங்கி, நீண்ட கிளைகளை அறுக்கும்; தாழ்ந்த பக்கத்து நீர் பள்ளத்தைவிட்டு விலகி வெளியே ஓடும். கிராண்ட் கேன்யனில் வடக்கு விளிம்பு தெற்கைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். வரைபடத்தை எடுத்து ஆற்றுக்கும் இரு விளிம்புகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்: வடக்கு விளிம்பு வெகுதூரம் பின்வாங்கியிருக்கும்.